துறைக்கெண்டையும் கண்ணாடித் தொட்டிச் சட்டமும்

வண்ணமீன் கடைக்காரன் விற்பது மீன். வாங்கிக் கட்டிக்கொள்வது வசவு. அரிசி புழுத்துப் போனால் பலசரக்குக் கடையில் மாற்றித் தரச் சொல்வார்கள். மீன் செத்துப் போனால் எங்களைத் துக்கம் விசாரிக்கச் சொல்வார்கள். இத்தொழிலில் அவதிப்பட்டவர்களும், இன்னும் அவதிப்பட்டுக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. ஆயினும், தம்மைப் போலவே இன்னொருவனுக்கும் கோபம் வந்திருக்கிறது என்று அறிவதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு.

உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், எழுபதுகளின் இறுதியில், தென்காசியில் ஒரு சிறு கடை பிடித்தேன். சென்னையிலிருந்து ரயிலில், காற்றடைத்த பாலிதீன் பைகளில் சரக்கு வரும். தங்கமீன் விற்றேன், கப்பி விற்றேன், ஏஞ்சல் விற்றேன். ஆனால் என் உறக்கத்தைக் கெடுத்தது நான் ஒருபோதும் விற்காத ஒரு மீன்.

ஒற்றை மீன் கேட்டு வந்தவர்கள்

வண்ணமீன் வாங்குவோர் இணையாகத்தான் வாங்குவர். கடை தொடங்கிய மறு ஆண்டு, குற்றாலத்தில் சாரல் பிடித்த நாள்களில், ஒரே ஒரு தங்கமீன் கேட்டுச் சிலர் வரத் தொடங்கினர். அவர்களுக்குத் தொட்டி வேண்டா, தீனி வேண்டா, நிறத்தைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரலை நீட்டி, "இந்த நீளம் இருந்தாப் போதும்" என்பார்கள். கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட அதைவிட அக்கறையாகப் பார்த்து எடுப்பான். ஜவுளிக் கடையொன்றில் பணிபுரிந்த நடுவயதுக்காரர் ஒருவர் மூன்றாம் முறையாக ஒற்றை மீன் கேட்டபோது, அவரை உட்கார வைத்து விவரம் கேட்டேன்.

அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சிற்றாற்றங்கரையில் ஒரு சிறு கோவில் இருக்கிறது. அதன் படித்துறையில் கெண்டைகள் கூட்டங்கூட்டமாக வாழ்ந்தன. ஆண் கெண்டையின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டு, நீரில் அலையும். கோவிலுக்கு வருவோர் அவற்றுக்குப் பொரி போடுவர். உள்ளூர்க்காரன் எவனும் அவற்றைச் சட்டியில் போட்டதில்லை. "இத்துறையில் மீன் பிடிப்பது தண்டனைக்குரியது" என்று அரசாங்கமும் ஒரு பலகை நட்டிருந்தது. இப்படியிருக்க, அந்தத் துறைக்கெண்டை ஒன்று வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீந்தினால் தடைப்பட்ட திருமணம் நடக்கும், இழுபடும் வழக்கு வெல்லும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். ஆகவே ஒரு கெண்டையை எடுப்பது. அதற்கு ஈடாக என் கடைத் தங்கமீனைத் துறையில் விடுவது. "இது திருட்டு அல்லவா?" என்று கேட்டேன். மனிதர் உண்மையாகவே மனம் நொந்துபோனார். "என்ன சார்வாள் இப்பிடிக் கேட்டுட்டிய? ஒண்ணு எடுத்தா ஒண்ணு வச்சிருதோம்லா? சும்மா தூக்கிட்டுப் போக நாங்க என்ன களவாணிப் பயலுவளா?"

பொரிக்காரி சொன்ன குறை

மறுநாள் காலையே துறைக்குப் போனேன். படியோரம் காகிதச் சுருளில் பொரி விற்கும் பேச்சியம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்; மரியாதைக்காக அன்று, சண்டைக்காக. நாற்பது வயதிருக்கும். அவள் குரலுக்கு அக்கரையில் துணி துவைப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மீன் பிடிக்க அவர்களுக்கு வலையும் வேண்டா, தூண்டிலும் வேண்டா என்று அவள் காட்டினாள். தண்ணீருக்குள் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலே நாலு பொரியைத் தூவினால் போதும். மனிதக் கையைக் கண்டால் ஓட வேண்டும் என்பதை அந்த மீன்கள் கற்றதே இல்லை. தாமாகவே வந்து துண்டின்மேல் நிற்கும். அவற்றின் நம்பிக்கையைத்தான் இவர்கள் துண்டில் கட்டித் தூக்கிப் போனார்கள்.

என் தங்கமீன்களோ கடைசிப் படியின் இடுக்கில், ஓட்டத்தை எதிர்த்து நிற்கத் தெரியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தன. ஆற்றையே கண்டறியாத பிறவிகள். எதிர்ப் பாறையில் நீர்க்காகங்கள் பந்திக்கு அமர்ந்தவை போலக் காத்திருந்தன. பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீரு விக்குத மஞ்ச மீனுக்குப் பொரி திங்கவே தெரியல, பாத்துக்கிடும். பொரி அப்படியே மிதக்குது. வந்து நிக்கிதவுக என்னையப் பாத்து, 'ஏம்மா, உன் பொரி நமுத்துப் போச்சா?'ன்னு கேக்காவ!"

நான் நடத்திய வாய்மொழித் தேர்வு

அன்றிலிருந்து ஒற்றை மீன் கேட்டு வருபவரிடம் நான் கேள்விகள் கேட்கலானேன். தொட்டியின் நீளம் என்ன? எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவீர்? தீனி என்ன? பதில் தெரியாதவருக்கு மீன் இல்லை. எங்கள் பள்ளியில் இதைவிடக் கடினமான தேர்வுகளில் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று பெயரெடுத்தவர்கள்கூடத் தேறியிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரும் தேறவில்லை. வியாபாரம் படுத்தது. படுக்கட்டும் என்று விட்டேன்.

இந்த உறுதியால் துறைக்கு நன்மை விளைந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. நான் திருப்பி அனுப்பிய ஒருவர், புளியறையிலிருந்து வாரந்தோறும் சந்தைக்கு வருகிற மிளகு வியாபாரி, வாசற்படியில் நின்று ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார். ஜிலேபி மீன் எந்தக் குளத்திலும் கிடைக்கும், வாளியில் அள்ளலாம், எந்தத் தண்ணீரிலும் சாகாது. துறைக்கெண்டையின் முட்டையையும் குஞ்சையும் அது விட்டுவைக்காது என்று நான் கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க தரலேன்னா போங்க சார்வாள். ஜிலேபி குளத்துல சும்மா கெடக்கு. எண்ணிக்கை சரியா இருந்தா சாமி என்ன சொல்லப்போவுது?"

லாட்ஜின் வரவேற்பறை

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்திய செல்லையா அண்ணாச்சி, சீசன் உச்சத்தில் ஆளனுப்பி என்னை அழைத்தார். அவர் மீன்களுக்கு நோயாம். ஈரத் துண்டுகளும் எண்ணெய் வாசமும் நிறைந்த வரவேற்பறையில், ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் பச்சை விளக்கு. அடியில் ஒரு பிளாஸ்டிக் மாளிகை. அந்த மாளிகையைச் சுற்றித் துறைக்கெண்டைகள். அத்தனையும் நூல் துடுப்பு நீண்ட பெரிய ஆண்கள். துறையில் இப்போது ஆண் மீனே கண்ணில் படவில்லை என்று பேச்சியம்மாள் புலம்பியதன் காரணம் எனக்கு அங்கே விளங்கியது.

நோய் ஒன்றும் இல்லை. ஓடுகிற நீரில் பிறந்தவை, எதிர்நீச்சல் போடுவதாக எண்ணிக் கண்ணாடியில் மோதி மோதி மூக்கும் உதடும் தேய்ந்து, சதை வெளுத்துத் தொங்கின. மசாஜ் முடித்து வந்த சென்னைக்காரர் ஒருவர் தொட்டியைத் தட்டி, "முத்தம் குடுக்குது பாரு!" என்று தம் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாச்சியிடம், இவை தடைசெய்யப்பட்ட துறையின் மீன்கள், உடனே திருப்பி விடுங்கள் என்றேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "பலகையில என்னவே எழுதியிருக்கு? பிடிக்கக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு? பிடிச்சவன் எவனோ, அவனைப் போய்க் கேளும். எனக்கு வந்துச்சு, வளக்கேன்."

அலுவலகம் அலுவலகமாக

அண்ணாச்சி சொன்னது தவறு என்று நிரூபிக்கப் புறப்பட்டேன். மீன்துறை ஆய்வாளர் மிகவும் பணிவாகப் பேசினார். துறையில் பிடிப்பது குற்றம். பிடிக்கும்போது நேரில் கண்டால் நடவடிக்கை உண்டு. வீட்டுத் தொட்டியில் ஆசைக்கு வளர்ப்பதைப் பற்றித் தம் விதிகள் எதுவும் சொல்லவில்லை என்றார். ஆற்றில் இருக்கும்வரை காக்கப்பட வேண்டிய உயிர், துண்டில் ஏறிய கணத்தில் வீட்டு அலங்காரமாகிவிடுமா என்று கேட்டேன். அதற்கு அவர் தேநீர் வரவழைத்தார். வனத்துறைக்குப் போனால், தங்கள் பட்டியலில் புலி உண்டு, மான் உண்டு, கெண்டை கிடையாது என்றார்கள். கோவில் நிர்வாகி, எடுப்பவர்கள் ஒன்றுக்கு ஒன்று வைத்துவிடுவதால் கோவிலுக்கு இழப்பு ஏதும் இல்லை என்றார். உண்டியலுக்கும் இதே நியாயம் பொருந்துமா, ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒரு சோழியைப் போட்டால் ஒப்புவீர்களா என்று கேட்டேன். அவருக்குப் பூசைக்கு நேரமாகிவிட்டது.

கடைசியாகக் காவல் நிலையம். அங்கிருந்த ஏட்டையா என்னிடம் படித்தவர் அல்லர். படித்திருந்தால் வாக்கியத்தை முடித்துப் பேசியிருப்பார். பொருள் யாருடையதோ அவர் வந்து புகார் தர வேண்டும் என்றார். கோவில் தன்னுடையது இல்லை என்கிறது. மீன்துறை ஆற்றில் இருந்தால்தான் தன்னுடையது என்கிறது. நான் யாரை அழைத்து வருவது என்று உரக்கக் கேட்டேன். நிலையமே திரும்பிப் பார்த்தது. ஏட்டையா காதைக் குடைந்துகொண்டு கேட்டார்: "அப்ப மீனே வந்து கம்ப்ளெயிண்ட் குடுக்குமா சார்வாள்?"

மீன்துறையின் மாவட்டத் தலைமைக்கு ஒரு மனு எழுதிப் பதிவஞ்சலில் அனுப்பினேன். பாதுகாக்கப்பட்ட மீன்கள் தென்காசி வட்டாரத்தில் கண்ணாடித் தொட்டிகளில் அடைக்கப்பட்டுள்ளன, சோதனையிட்டு மீட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

டவுன் பஸ்ஸில் கெண்டைகள்

புரட்டாசி வந்தது, அருவி மெலிந்தது, லாட்ஜுகள் காலியாயின. விருந்தினர் இல்லாத வரவேற்பறைக்கு மின்சாரம் வீண் என்று செல்லையா அண்ணாச்சி தொட்டியை இறைக்கச் சொல்லிவிட்டார். அச்செய்தியைப் பேச்சியம்மாள்தான் ஓடிவந்து சொன்னாள். நான் மூடியில் துளையிட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு ஓடினேன். சாக்கடையருகே ஒரு வாளியில், எஞ்சியவை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி தடுக்கவில்லை. சீசன் முடிந்த மீன் அவருக்கு முந்தின மாதக் காலண்டர்.

தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன். உடனே துறையில் விட்டுவிடலாம் என்றாள் பேச்சியம்மாள். கூடாது என்றேன். புண்ணில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது; அப்படியே விட்டால் துறையில் மிச்சமிருந்த பெண் கெண்டைகளுக்கும் பரவும். என் கடையில் காற்றுக் குழாய் இருக்கிறது, உப்பு இருக்கிறது. புண் ஆறட்டும், ஐப்பசி மழைக்கு முன் விட்டுவிடலாம் என்றேன். நாள்தோறும் பொரிக்கூடையோடு வந்து தொட்டி முன் குந்தியிருந்து பார்த்துவிட்டுப் போவாள். புண்கள் ஆறி, நூல் துடுப்புகள் மறுபடி நிமிர்ந்தன. ஒருநாள் தொட்டியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "இந்த அஞ்சாறு கெடாவும் வந்து சேந்துட்டாப் போதும் சார்வாள். துறை பொழச்சுக்கிடும். நீரு மட்டும் இதுவளுக்குப் பாடம் நடத்திராதயும்."

மனுவின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை

மறுநாள் காலை துறைக்குக் கொண்டுபோவதாக இருந்தோம். அன்று பிற்பகல் ஜீப் வந்து நின்றது. மீன்துறை ஆய்வாளர், இரண்டு சிப்பந்திகள், சாட்சிக்கு எதிரிலிருந்த பீடாக் கடைக்காரர். என் மனு மாவட்டத் தலைமையிலிருந்து, "உடன் நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்புக" என்ற குறிப்போடு இறங்கிவிட்டதாம். லாட்ஜில் போய்ப் பார்த்தார்களாம். தொட்டி காய்ந்து கிடந்ததாம். குற்றம் நடந்த இடம் வேண்டுமே! வீட்டுத் தொட்டிகளை விட்டால், ஊரில் துறைக்கெண்டை இருந்த ஒரே கண்ணாடித் தொட்டி என்னுடையதுதான். நான் நடந்ததைச் சொன்னேன். பேச்சியம்மாள் கூடையை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு நடந்ததையும் நடக்காததையும் சேர்த்துச் சொன்னாள். வளர்ப்பது குற்றமன்று என்று நீர்தானே சொன்னீர் என்று ஆய்வாளரை மடக்கினேன். "அது வீடு சார். இது கடை. கடையில இருந்தா விற்பனைக்குன்னு அர்த்தம். வீட்டுல வச்சிருந்தீங்கன்னா நான் உள்ளேயே வந்திருக்க மாட்டேன்" என்றார். ஆக, அழகு பார்க்கச் சிறைவைத்தவன் குடிமகன். காயத்துக்கு உப்புப் போட்டவன் கள்ள வியாபாரி.

போகட்டும், என்மேல் வழக்குப் போடும். மீன்களை நேரே துறைக்குக் கொண்டுபோய் விடும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். சான்றுப் பொருளை நீதிமன்றத்தில் காட்டாமல் ஆற்றில் விட்டால் தம் வேலை போய்விடும் என்றார். சிப்பந்திகள் கெண்டைகளை ஒரு தகர டப்பாவில் அள்ளினர், மூடியை இறுக்கினர், மூடியின் விளிம்பைச் சுற்றித் துணி கட்டினர், பிறகு, கைப்பற்றிய பொருளை எவரும் மாற்றிவிடக் கூடாது என்ற விதிப்படி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, விளிம்பு முழுதும் ஊற்றி முத்திரை வைத்தனர். உயிருள்ள மீனுக்கு அரக்கு முத்திரை! நான் மேசையில் ஓங்கி அடித்து, "ஐயா, அவை மூச்சு விட வேண்டாமா?" என்று கத்தினேன். ஆய்வாளர் முத்திரை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "மீன் தண்ணிக்குள்ளதான சார் மூச்சு விடும்?"

சான்றுப் பொருள்

குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறு அபராதத்தோடு முடியும் என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். செய்யாத செயலுக்கு நான் எழுவாயாக நிற்க முடியாது என்று மறுத்துவிட்டேன். சில வாய்தாக்களுக்குப் பின் நீதிபதி முத்திரையை உடைக்கச் சொன்னார். உடைத்தார்கள். அதன்பின் நீதிமன்றத்தில் நிகழ்ந்ததை நாகரிகம் கருதி விவரிக்கவில்லை. சன்னலோரம் இருந்தவர்கள் பாக்கியசாலிகள். டப்பாவில் இருந்தது இன்ன மீன்தான் என்று அடையாளம் காண இயலாததால் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. நான் விடுதலை. கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்த என் வழக்கறிஞர் முதுகில் தட்டினார்: "ஜெயிச்சாச்சு சார்வாள்! மீனு மட்டும் உசுரோட இருந்திருந்தா நாம மாட்டியிருப்போம்."

துறை இன்று

அதன்பின் நான் தங்கமீனும் விற்கவில்லை, கடையை மூடிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஒரு சாரல் நாளில் துறைக்குப் போனேன். எழுத்துகள் மழைக்குக் கரைந்தும் கரையாமலும் தடைப்பலகை நின்றது. ஒருவரும் மீன் பிடிக்கவில்லை. சட்டம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. பேருந்தில் வந்திறங்கிய கூட்டம் பொரி வாங்கி வீசியது. சாம்பல் நிற ஜிலேபிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தண்ணீர் கொதிப்பது போல அடித்துப் பிடித்துத் தின்றன. குழந்தைகள் கைகொட்டின. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். எத்தனை தலைமுறையாக இந்தத் தெய்வ மீன்கள் இங்கு வாழ்கின்றனவோ என்று ஒருவர் வியந்தார். எனக்கு அவரை ஆற்றில் தள்ளலாம் போலிருந்தது.

பேச்சியம்மாளுக்கு வியாபாரம் முன்னைவிட நன்றாக இருந்தது. இரண்டாவது கூடையும் வைத்திருந்தாள். நல்லதுதானே என்று நான் கேட்டிருக்கக் கூடாது; கேட்டுவிட்டேன். அவள் கூட்டத்துக்குப் பொரிச் சுருளை நீட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பாராமல் சொன்னாள்: "நல்லாத்தான் விக்குது. முன்ன ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிருந்தேன், கூப்பிட்டா வரும். இதுவ கூப்பிடாமலே வருதுவ சார்வாள், எனக்குத்தான் ஒண்ணையும் கூப்பிடத் தோணல."

துறைக்கெண்டையைத் துண்டில் பிடித்தவர் பலர், தொட்டியில் அடைத்தவர் பலர், தட்டி ரசித்தவர் எண்ணற்றவர். ஆயினும் அதைக் கண்ணாடிக்குள் வைத்திருந்த குற்றத்துக்காக எங்கள் வட்டாரத்தில் நீதிமன்றப் படியேறியவன், அதை ஆற்றில் விடுவதற்காக வைத்திருந்த நான் ஒருவன்தான்.